ஒளியைவிட மெதுவாகப் பறக்கும் லேசர்கள்

திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களாக ஓடுகிறது. ஒரு சட்டகம் திரையில் தங்கும் நேரத்துக்குள் ஒளி ஏறத்தாழ 12,500 கிலோமீட்டர் போய்விடும். பூமியின் விட்டமே 12,742 கிலோமீட்டர்தான். ஆகவே ஒரு விண்கலம் மற்றொன்றை லேசரால் சுடுவதை உள்ளது உள்ளபடி படமாக்கினால், சுட்டதும் பட்டதும் ஒரே சட்டகத்தில் முடிந்துவிடும். நாம் பார்த்துப் பழகிய விண்வெளிச் சண்டைகளிலோ சிவப்பும் பச்சையுமான ஒளித்துண்டுகள் திரையின் ஒரு மூலையில் கிளம்பி, சட்டகம் சட்டகமாக நகர்ந்து, மறு மூலைக்குப் போய்ச் சேருகின்றன. அவை வருவதைப் பார்த்துவிட்டு விமானி கலத்தைச் சாய்த்துத் தப்பிக்கிறார். அப்படிப் பறப்பது வேறு எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம், லேசராக இருக்க முடியாது. கண் பின்தொடரும் அளவுக்கு மெதுவாகப் போகும் ஒளி என்று ஒன்று வெற்றிடத்தில் கிடையாது.

பெயரில் லேசர்கள் மலிந்து கிடக்கும் இந்தக் கதைகளில் உண்மையான லேசர் ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்ற கேள்விக்கு, அறிவியல் ஆர்வலர்கள் வழக்கமாக இரண்டு பதில்களைச் சொல்வார்கள். தொலைவு கூடக்கூடக் கற்றை விரிந்து வலுவிழக்கும் என்பது ஒன்று. லேசரை இயக்கும்போது பிறக்கும் கழிவு வெப்பத்தை வெற்றிடத்தில் இறக்கிவைக்க இடமில்லை என்பது மற்றொன்று. இரண்டும் சரியான செய்திகள்தாம், பின்னால் எண்களோடு பார்ப்போம். ஆனால் இயற்பியல் இடம் கொடுக்கவில்லை என்பதற்காக ஒரு பொருளைக் கைவிடும் வழக்கம் விண்வெளிச் சாகசக் கதைகளுக்கு என்றுமே இருந்ததில்லை. ஒளியை முந்தும் கலங்களையும், காற்றே இல்லாத இடத்தில் அதிரும் வெடியோசையையும், சுழலாத கலத்துக்குள் தரையில் நடப்பதுபோல் நடப்பதையும் கூச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் எழுத்தாளர், லேசர் விஷயத்தில் மட்டும் திடீரென்று இயற்பியலுக்குப் பணிந்துவிட்டார் என்பது நம்பும்படியாக இல்லை. சுடுவதற்கும் படுவதற்கும் இடையில் உள்ள நேரத்தை லேசர் இல்லாமல் ஆக்கிவிடுகிறது; சண்டைக் காட்சி உயிரோடு இருப்பதோ அந்த நேரத்தில்தான். முதன்மைக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

கதிர் ஆயுதம் என்ற கற்பனை லேசரைவிடப் பல பத்தாண்டுகள் மூத்தது. ரான்ட்கன் 1895இல் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தபின், கண்ணுக்குத் தெரியாத கதிர் எதையும் செய்யும் என்ற எண்ணம் ஐரோப்பாவில் பரவியிருந்த காலத்தில், 1898இல் நூலாக வந்த எச். ஜி. வெல்ஸின் செவ்வாய்க் கிரகப் படையெடுப்புக் கதையில் 'வெப்பக் கதிர்' இடம்பெற்றது. வெப்பத்தை உள்ளுக்குள் உண்டாக்கி, பரவளையக் கண்ணாடி ஒன்றால் அதை இணைகற்றையாக்கிக் குறி பார்த்த திசையில் வீசுவதாக அவர் அதை விவரிக்கிறார். கற்றை கண்ணுக்குத் தெரிவதில்லை. பட்ட இடம் மட்டும் பற்றி எரிகிறது. லேசருக்கான கோட்பாட்டு விதையை, அதாவது தூண்டு உமிழ்வு (ஓர் ஒளித்துகள் தூண்ட, அணு அதே போன்ற இன்னொன்றை வெளியிடுவது) பற்றிய கருத்தை, ஐன்ஸ்டைன் முன்வைத்ததே 1917இல்தான் என்பதை நினைத்தால், வெல்ஸின் வெப்பக் கதிர் பின்னாளைய பெரும்பாலான 'லேசர்'களைவிட லேசருக்கு நெருக்கமாக இருப்பது வியப்பளிக்கிறது.

அந்தக் கதிரை வெல்ஸ் எந்தக் காட்சிக்குப் பயன்படுத்தினார் என்பதையும் கவனிக்க வேண்டும். வோக்கிங் ஊருக்கு அருகே உள்ள புல்வெளியில் வேடிக்கை பார்க்கக் கூடிய மக்கள், தங்களைத் தாக்குவது எது என்று தெரியாமலே தீப்பற்றி விழுகிறார்கள். ஏறத்தாழ நாற்பது பேர் அந்த இரவில் மடிகிறார்கள். அங்கே நடப்பது போர் அல்ல, படுகொலை. கண்ணுக்குத் தெரியாமலும் ஓசையில்லாமலும் நொடிப்பொழுதில் வந்து தாக்கும் ஆயுதம் திகிலுக்கு மிகப் பொருத்தமானது. இரு தரப்பும் திறமை காட்டி மோதும் சண்டைக்கு அது உதவாது, ஏனென்றால் தாக்கப்படுபவர் செய்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

கற்பனையாக இருந்த வரைக்கும் கதிருக்கு எல்லை இல்லை. 1960 மே 16 அன்று, கலிஃபோர்னியாவின் மாலிபுவில் இருந்த ஹியூஸ் ஆய்வகத்தில் தியோடர் மைமன் விரல் பருமனுள்ள மாணிக்கப் படிகம் ஒன்றைச் சுருள் வடிவில் பளிச்சிடும் விளக்குக்குள் வைத்து முதல் லேசரை இயக்கினார். ஜூலை மாதம் நியூயார்க்கில் அறிவிப்பு வந்ததும், இது அறிவியல் கதைகளில் வரும் மரணக் கதிரா என்றுதான் செய்தித்தாள்கள் பேசின. அடுத்த சில ஆண்டுகள் லேசருக்குப் புனைவுலகில் தேனிலவுக் காலம். 1959இல் வெளிவந்த 'கோல்ட்ஃபிங்கர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் நாவலில் கதாநாயகனை நோக்கி வருவது வட்ட ரம்பம். 1964இல் படமாக்கியபோது அது லேசராக மாறியது. படப்பிடிப்பில் மேசையை அறுத்தது அடியிலிருந்து ஒருவர் பிடித்திருந்த ஆக்ஸிஅசிட்டிலின் சுடர். சிவப்புக் கற்றை பின்னர் சேர்க்கப்பட்ட ஒளித்தந்திரம். லேசர் திரையில் புகழ்பெற்ற அந்தக் காட்சியிலேயே லேசருக்கு வேலை இல்லை.

தேனிலவு விரைவில் முடிந்தது. 1964இன் இறுதியில் படமாக்கப்பட்ட 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் முதல் முன்னோட்டப் பகுதியில் பாத்திரங்கள் கையில் வைத்திருந்தது லேசர் துப்பாக்கி. 1966 செப்டம்பரில் தொடர் ஒளிபரப்பானபோது அது 'ஃபேசர்' ஆகிவிட்டிருந்தது. லேசரால் இதெல்லாம் முடியாதே என்று சில ஆண்டுகளில் பார்வையாளர்கள் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே பெயரை மாற்றியதாக, அதை உருவாக்கிய ஜீன் ராடன்பெர்ரி தரப்பு பின்னர் விளக்கியது. இந்தச் சிறு மாற்றத்தில் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. லேசர் என்பது ஆய்வகத்தில் இருக்கிற பொருள். அதற்கு அலைநீளம் உண்டு, திறன் உண்டு, விலைப்பட்டியல்கூட உண்டு. ஃபேசருக்கு அப்படி எதுவும் இல்லை. மயக்கமடையச் செய்ய வேண்டுமா, பாறையைச் சூடாக்க வேண்டுமா, மனிதனை இருந்த இடம் தெரியாமல் ஆக்க வேண்டுமா, எல்லாவற்றையும் அது செய்யும். முடியாது என்று சொல்ல எந்தப் பொறியாளருக்கும் அதிகாரம் இல்லை. 1988இல் அதே மரபின் அடுத்த தொடரில், லேசர்கள் எங்கள் கலத்தின் பயணக் கவசத்தைக்கூடத் துளைக்காது என்று ஓர் அதிகாரி ஏளனமாகச் சொல்லும் இடம் வருகிறது. 24 ஆண்டுகளில் லேசர் வருங்காலத்தின் ஆயுதம் என்ற நிலையிலிருந்து வழக்கொழிந்த பொருளாக இறங்கிவிட்டது.

உண்மையான லேசர் ஆயுதம் சுடும்போது எப்படி இருக்கும் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. 2014இல் அமெரிக்கக் கடற்படை 'பான்ஸ்' என்ற கப்பலில் 30 கிலோவாட் லேசர் ஒன்றைப் பொருத்திப் பாரசீக வளைகுடாவுக்கு அனுப்பியது. தொழிற்சாலைகளில் உலோகம் பற்றவைக்கப் பயன்படும் ஆறு ஃபைபர் லேசர்களை ஒரே இலக்கில் குவியச் செய்த கருவி அது. சோதனையின் காணொளியில், மாலுமி ஒருவர் திரைகளுக்கு முன் அமர்ந்து, வீடியோ கேம் ஆடுபவர் பிடிப்பது போன்ற கைப்பிடியைக் கையில் வைத்திருக்கிறார். வெளியே, கப்பல் தளத்தில் தொலைநோக்கி போன்ற ஒன்று திரும்பி நிற்கிறது. கற்றை தெரிவதில்லை, முழக்கம் கேட்பதில்லை. வேறோரு கேமராவில், ஒரு சிறு படகின் மேல் வைத்திருந்த இலக்கு திடீரெனத் தீப்பற்றிச் சிதறுகிறது. அந்த இரண்டு காட்சிகளுக்கும் தொடர்பு இருப்பதாக யாராவது சொன்னால்தான் நமக்குத் தெரியும். 2025 ஏப்ரலில் கர்னூல் சோதனைக் களத்தில் இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ 30 கிலோவாட் லேசரால் ஆளில்லா விமானத்தை வீழ்த்தியதும் ஏறக்குறைய இத்தகைய காட்சிதான்: வானத்தில் போய்க்கொண்டிருந்த பொருள் தன்பாட்டில் புகைந்து கீழே விழுகிறது.

இவ்வகை லேசர்கள் அகச்சிவப்பில் இயங்குவதால் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பது ஒரு காரணம். பார்வைக்குட்பட்ட நிறத்தில் இருந்தாலும் விண்வெளியில் அது தெரியப்போவதில்லை. பழைய டூரிங் டாக்கீஸில் படம் பார்த்தவர்களுக்கு, புரொஜெக்டர் அறையின் துளையிலிருந்து திரைவரை தலைக்கு மேலே நீளும் ஒளிப்பட்டை நினைவிருக்கும். பீடிப் புகையும் மணல் தரையிலிருந்து கிளம்பும் தூசியும் வழியில் கொஞ்சம் ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்பியதால்தான் அது தெரிந்தது. ஒளி பக்கவாட்டில் தெரிய வேண்டுமென்றால் வழியில் எதன் மீதாவது மோத வேண்டும். விண்வெளியில் மோதுவதற்கு எதுவும் இல்லாததால், எத்தனை மெகாவாட் கற்றை நம் மூக்குக்கு முன்னால் குறுக்கே போனாலும் நாம் காண்பது இருட்டையே.

படம் எடுப்பவருக்கு இது தாங்க முடியாத நிலைமை. யார் யாரைச் சுட்டார், குறி தப்பியதா, எவ்வளவு அருகில் தப்பியது என்ற மூன்றையும் பார்வையாளருக்கு ஒரே பார்வையில் சொல்ல ஏதாவது கோடு வேண்டும். 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' அதற்குக் கண்ட வழியைத்தான் மற்றவர்கள் பின்பற்றினார்கள். சிறப்புக் காட்சிகள் தயாராகும் முன்பே, இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டைப் படச்சுருள்களை வெட்டி ஒட்டி இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தன் விண்வெளிச் சண்டையின் ஓட்டத்தை அமைத்துக்கொண்டார். அந்தப் பழைய சுருள்களில் விமானத் துப்பாக்கிகள் டிரேசர் குண்டுகளைக் கக்கும். குறியைத் திருத்திக்கொள்ள உதவுவதற்காக எரிந்துகொண்டே பறக்கும் அந்தக் குண்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக ஒளிப்புள்ளிகளாக நகர்ந்து, இலக்கைத் தாண்டிப் போவதுகூடத் தெரியும். திரையில் நாம் லேசர் என்று நம்பும் ஒளித்துண்டு வடிவத்தில் 1940களின் துப்பாக்கிக் குண்டுதான். நிறமும் ஓசையும் மட்டுமே புதியவை. ஓசையும்கூட எங்கிருந்து வந்தது என்பது இனிய செய்தி: உயரமான வானொலிக் கோபுரத்தை நிறுத்திப் பிடித்திருக்கும் இழுகம்பியைச் சுத்தியலால் தட்டி, ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் அதைப் பதிவுசெய்தார்.

கண்ணுக்குத் தெரியாமை, ஓசையின்மை ஆகிய இரண்டும் திரைக்கு மட்டுமான சிக்கல்கள். நாவலில் எழுத்தாளர் ஒரே வாக்கியத்தில் கற்றை எங்கே போனது என்று சொல்லிவிடலாம். அப்படியிருந்தும் நாவல்களிலும் லேசர் பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்றால், அதற்குக் காரணம் நேரம். 1,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள எதிரியை நோக்கி நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஏவுகணையை ஏவினால், அது போய்ச் சேர 100 நொடிகள் ஆகும். அந்த நூறு நொடிகளில் எதிரித் தளபதி அதைக் கண்டுபிடிக்கிறார், எண்ணுகிறார், எதிர்க் குண்டுகளை வீசச் சொல்கிறார், சிலவற்றை வீழ்த்துகிறார், மீதி வந்துகொண்டே இருக்கும்போது இருக்கைப் பட்டையை இறுக்கிக்கொள்கிறார். எழுத்தாளருக்கு ஓர் அத்தியாயம் கிடைத்துவிட்டது. லேசர் அதே தொலைவைக் கடக்க நொடியில் முந்நூறில் ஒரு பங்கு போதும்.

வேகம் அதிகம் என்பதோடு இது முடிந்துவிடவில்லை. ஒருவர் நம்மைச் சுடுகிறார் என்ற செய்தி நமக்கு எந்த வழியில் வந்தாலும், அது ஒளியைவிட விரைவாக வர முடியாது. லேசரோ ஒளியாகவே வருகிறது. ஆகவே தாக்குதல் பற்றிய முதல் அறிகுறியும் தாக்குதலும் ஒன்றே. எச்சரிக்கை மணி அடிப்பதற்குள் பட்டுவிட்டது என்பதல்ல, பட்டதுதான் எச்சரிக்கை மணி. பார்த்து விலகுதல், கடைசிக் கணத்தில் திரும்புதல், வருவதை அறிந்தும் அசையாமல் நிற்கும் வீரம் என்று சண்டைக் கதைகள் நூற்றாண்டுகளாகச் சேர்த்துவைத்த முதல் முழுவதும் இங்கே செல்லாக் காசாகிவிடுகிறது. வாள், அம்பு, பீரங்கி, டார்பிடோ ஆகிய ஒவ்வொன்றிலும் தாக்கப்படுபவருக்கு ஒரு கணமாவது சொந்தமாக இருந்தது.

இயற்பியல் இந்த இடத்தில் கதைக்கு ஒரு வாய்ப்பைத் தருவதுபோல் தோன்றும். தொலைவை மிக அதிகமாக்கிவிட்டால் ஒளிக்கும் நேரம் பிடிக்குமே? எதிரி 3 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருந்தால், நான் காண்பது ஒரு நொடிக்கு முன் அவன் இருந்த இடம். என் கற்றை போய்ச் சேர இன்னொரு நொடி. இந்த இரண்டு நொடிகளில் அவன் ஒரு ஜி முடுக்கத்தில், அதாவது பூமியின் ஈர்ப்புக்கு இணையான முடுக்கத்தில், எதிர்பாராத பக்கம் நகர்ந்தால் சுமார் 20 மீட்டர் விலகியிருப்பான். சிறிய கலம் என்றால் குறி தப்பிவிடும். எப்போது சுடுவார்கள் என்று தெரியாததால் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்க வேண்டிய மாலுமிகளின் களைப்பை வைத்து நல்ல கதை எழுதலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் அந்தத் தொலைவை எட்டும் முன்பே லேசர் வேறு காரணத்தால் சோர்ந்துவிடுகிறது.

லேசர் கற்றை விரியாமல் போகும் என்பது பரவலான தவறான எண்ணம். எந்த ஒளியும் ஒரு திறப்பைக் கடந்து வரும்போது சிறிது விரிந்தே தீரும். பள்ளி இயற்பியலில் விளிம்பு விளைவு என்று படிப்பது இதைத்தான். அலைநீளம் கூடினால் விரிவு கூடும், குவிக்கும் கண்ணாடி பெரிதானால் விரிவு குறையும். கருவி எவ்வளவு கச்சிதமாகச் செய்யப்பட்டாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. 1 மைக்ரோமீட்டர் அலைநீளமும் 1 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியும் 1 மெகாவாட் திறனும் கொண்ட லேசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டரில் அது விழும் ஒளிப்பொட்டின் விட்டம் சுமார் 24 சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவாட் இறங்குவதால் உலோகத் தகடு தாங்காது. 1,000 கிலோமீட்டரில் பொட்டு 2.4 மீட்டராக விரிய, செறிவு நூறில் ஒரு பங்காகிறது. விண்வெளிச் சூரிய ஒளியைப்போல் அது இன்னும் 160 மடங்கு என்பதால் சூரியத் தகடுகளையும் கேமராக் கண்களையும் பாழாக்கப் போதும். தடித்த சுவரைச் சட்டென்று துளைக்கப் போதாது. ஒரு நொடி ஒளித்தொலைவில், அதாவது மேலே சொன்ன 3 லட்சம் கிலோமீட்டரில், பொட்டின் விட்டம் ஏறத்தாழ 730 மீட்டர். அங்கே படும் லேசர் ஒளி சூரிய ஒளியில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. எதிரி நெளிந்து தப்ப வேண்டிய தேவையே இல்லை.

காற்று மண்டலத்தில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்கா போயிங் 747 விமானத்தின் மூக்கில் 1.5 மீட்டர் கண்ணாடி கொண்ட கோபுரத்தைப் பொருத்தி, உள்ளே மெகாவாட் அளவிலான வேதி லேசரை வைத்து, 2010 பிப்ரவரியில் கலிஃபோர்னியக் கடலோரத்தில் மேலெழும் ஏவுகணை ஒன்றை வீழ்த்தியது. சாதனைதான். ஆனால் பயனுள்ள தொலைவிலிருந்து சுட வேண்டுமானால் இப்போதுள்ளதைப்போல் 20, 30 மடங்கு வலிமையான லேசர் வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் அதற்கு முன்பே கூறியிருந்தார். 500 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய அந்தத் திட்டம் 2011இல் கைவிடப்பட்டது.

கழிவு வெப்பம் வேறு வகையான தொல்லை. நல்ல லேசர்கூட வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒளியாக்கினால் பெரிது என்று கொண்டால், 1 மெகாவாட் சுடுவதற்கு 2 மெகாவாட் வெப்பம் சொந்தக் கலத்துக்குள்ளேயே தங்கிவிடும். தரையில் காற்றோ நீரோ அதை வாரிக்கொண்டு போகும். வெற்றிடத்தில் ரேடியேட்டர் தகடுகள் வழியாகக் கதிர்வீச்சாகக் கசியவிடுவது ஒன்றே நிலையான வழி. அறை வெப்பநிலையில் ஒரு சதுர மீட்டர் தகடு இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 900 வாட் வெளியேற்றும். 2 மெகாவாட்டுக்கு ஏறக்குறைய 2,200 சதுர மீட்டர், அதாவது கால்பந்து மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கு பரப்பு வேண்டும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் அம்மோனியாக் குளிர்விப்பு அமைப்பு வெளியேற்ற வல்லது 70 கிலோவாட் என்பதோடு இதை ஒப்பிடலாம். தகட்டின் வெப்பநிலையைக் கெல்வின் கணக்கில் இரட்டிப்பாக்கினால் வெளியேற்றம் 16 மடங்காகும், ஆனால் லேசரின் மின்னணுப் பாகங்கள் அந்தச் சூட்டில் வேலை செய்யாது.

இப்படிப் பெரும் தகடுகளை விரித்துக்கொண்டு போர்க்களத்தில் நிற்கும் கலம், எதிரிக்குத் தன் மென்மையான வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அழகியலும் அதற்கு இடம் தருவதில்லை. 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்துக்காக வரைந்த கலத்துக்கு முதலில் பெரிய ரேடியேட்டர்கள் இருந்தன, அவற்றைப் பார்ப்பவர்கள் பறப்பதற்கான இறக்கைகள் என்று நினைத்துவிடுவார்கள் என்று எடுத்துவிட்டார்கள். அறிவியல் துல்லியத்துக்குப் பேர்போன படத்தின் கதியே இது. 2016இல் வந்த 'சில்ட்ரன் ஆஃப் எ டெட் எர்த்' என்ற கணினி விளையாட்டில்தான், லேசரும் அதன் தகடுகளும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் கணக்கோடு வருகின்றன.

துல்லியத்தை விரும்பும் கதைகள் லேசரை விட்டு எங்கே போயின என்று பார்த்தால், அவை பின்னோக்கிப் போயிருக்கின்றன. 2011இல் நாவலாகத் தொடங்கிப் பின் தொலைக்காட்சிக்கு வந்த 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரில் சண்டை முழுவதும் டார்பிடோ, மின்காந்தத்தால் உந்தப்படும் குண்டு, அருகில் வருவதைச் சல்லடையாக்கும் சுழல்துப்பாக்கி ஆகியவற்றால் நடக்கிறது. லேசர் அங்கே இருக்கிறது, பேசுவதற்காக; ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு ஒட்டுக்கேட்க முடியாதபடி செய்தி அனுப்பும் மெல்லிய கற்றையாக. குண்டு கனமானது, எண்ணிக்கைக்குட்பட்டது, சுடும்போது கலத்தைப் பின்னுக்கு உதைப்பது. மீதமுள்ள குண்டுகளை எண்ணுவது என்ற பழைய பதற்றம் அப்படியே கைக்கு வந்துவிடுகிறது. வரலாறும் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது: விண்வெளியில் உண்மையில் சுடப்பட்ட துப்பாக்கி, சோவியத்தின் சல்யூட் 3 நிலையத்தில் இருந்த விமானப் பீரங்கி. 1975 ஜனவரியில், நிலையத்தில் ஆள் இல்லாத நேரத்தில், தரையிலிருந்து கட்டளை அனுப்பி அதைச் சுட்டுப் பார்த்தார்கள்.

லேசரை விட மனமில்லாதவர்கள், இழந்த நேரத்தை வேறு வழியில் திரும்பக் கொண்டுவருகிறார்கள். 1990களில் தொடங்கிய டேவிட் வெபரின் 'ஆனர் ஹாரிங்டன்' நாவல்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்கே ஏவுகணையின் தலையில் அணுகுண்டும், அது வெடிக்கும் கணத்தில் எக்ஸ் கதிர் லேசராக மாறும் தண்டுகளும் இருக்கின்றன. ஏவுகணை நெடுநேரம் பறக்கிறது, எதிரி அதை வீழ்த்தப் போராடுகிறான், தப்பி நெருங்கிய ஒன்று கடைசியில் லேசராக வெடிக்கிறது. ஏவுகணையின் நூறு நொடியையும் லேசரின் தவிர்க்க முடியாமையையும் ஒன்றாகக் கோத்த தந்திரம் இது. அந்தக் கருத்துக்குக் கதைக்கு வெளியேயும் ஆதாரம் உண்டு. 1983 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்த ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தின் காலத்தில், இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லரின் ஆதரவோடு நெவாடாவில் நிலத்தடி அணுவெடிப்புகளில் இத்தகைய லேசரைச் சோதித்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த ஆயுதம் வரவில்லை.

மற்றொரு வழி, லேசரைக் கையடக்கத் துப்பாக்கியாகக் காட்டாமல் நகரம் அளவுக்குப் பெரிதாக்குவது. 1979இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'மொபைல் சூட் கண்டாம்' தொடரில் ரோபோக்கள் கையில் ஏந்துவது துகள் கற்றை ஆயுதம். லேசர் என்ற பெயருக்கு உரியது, மக்கள் வாழ்ந்த விண்வெளிக் குடியிருப்பு ஒன்றையே குழாயாக்கிச் செய்த பேராயுதம். கண்ணாடி பெரிதானால் விரிவு குறையும் என்ற விதியோடு இது தற்செயலாகவோ தெரிந்தோ ஒத்துப்போகிறது. அதைச் சுடப்போகிறார்கள் என்ற தயாரிப்பே அங்கே நாடகம். சுட்ட பின் சொல்ல அதிகம் இல்லை.

விண்வெளியில் ஆயுத லேசரை நிறுத்த உண்மையில் நடந்த முயற்சி எந்தக் கதாசிரியரும் எழுதத் துணியாத விதத்தில் முடிந்தது. 1987 மே 15 அன்று சோவியத் ஒன்றியம் புதிய எனர்ஜியா ராக்கெட்டில் சுமார் 80 டன் எடையுள்ள 'போலியுஸ்' கலத்தை ஏவியது. லேசர் போர் நிலையம் ஒன்றின் மாதிரி அது. லேசர் அதில் இன்னும் பொருத்தப்படவில்லை. வடிவமைப்புக் காரணங்களால் கலம் தலைகீழாக ஏற்றப்பட்டிருந்ததால், ராக்கெட்டிலிருந்து பிரிந்ததும் 180 பாகை திரும்பி இயந்திரத்தை இயக்க வேண்டும். அது 360 பாகை திரும்பியது. வேகத்தைக் கூட்ட வேண்டிய இயந்திரம் வேகத்தைக் குறைக்க, கலம் பசிபிக் பெருங்கடலில் விழுந்தது. இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1984இல், சோவியத் ராணுவ அகாடமி ஒன்றில் விண்வெளி வீரர்களுக்காக லேசர் கைத்துப்பாக்கி ஒன்றும் செய்திருந்தார்கள். வெடிமருந்தால் பளிச்சிடும் தோட்டா ஒவ்வொன்றும் ஒரு லேசர் துடிப்பைத் தரும். எதிரிக் கலத்தின் ஒளியுணரிகளைக் குருடாக்குவதே அதன் இலக்கு, துளைப்பது அல்ல. லேசர் எளிதில் செய்யக்கூடிய தீங்கு குருடாக்குவதுதான் என்பதை நாடுகளும் உணர்ந்திருக்கின்றன: மனிதக் கண்ணை நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யப்படும் லேசர்களை 1995இல் பன்னாட்டு நெறிமுறை ஒன்று தடை செய்தது.

இதற்கிடையே, விண்வெளியில் லேசர் மிக நீண்ட தொலைவுக்கு அனுப்பப்பட்ட நிகழ்ச்சிகளில் ஒன்று 2023 டிசம்பரில் நடந்தது. சைக்கி என்ற சிறுகோளை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நாசா கலம், 3 கோடியே 10 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்து அகச்சிவப்பு லேசர் வழியாகக் காணொளி ஒன்றைப் பூமிக்கு அனுப்பியது. ஒளி வந்து சேர 101 நொடிகள் ஆயின, நாம் மேலே கணக்கிட்ட ஏவுகணைக்கு ஆன நேரம்தான். கலத்தில் இருந்த தொலைநோக்கியின் விட்டம் 22 சென்டிமீட்டர். விளிம்பு விளைவுக் கணக்குப்படி கற்றை பூமியை அடையும்போது சுமார் 500 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். அதில் விழுந்த சிறு துளியை பாலோமர் மலையில் உள்ள 5 மீட்டர் ஹேல் தொலைநோக்கி ஏந்திக்கொண்டது. காணொளியில் இருந்தது செம்பழுப்பு நிறப் பூனை ஒன்று. சோபாவின் மேல், யாரோ கையில் பிடித்த லேசர் பாயிண்டரின் சிவப்புப் பொட்டைப் பிடிக்க அது தாவிக்கொண்டிருந்தது.